கைதட்டியது போதும், ஆள் போடுங்கள்



ரயில்வேக்காரர் வீடு இல்லாத தெரு நம் ஜோலார்பேட்டையில் உண்டா? ‘லீவ் ரிசர்வ்’ என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிரைவருக்குக் காய்ச்சல் என்று வண்டி நிற்காது. அந்த இடத்தை நிரப்பவே தனி ஆள் உண்டு. இந்தக் கணக்கு ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஏன் இல்லை?

கொரோனா வார்டில் பணி முடித்தவர்களை முதலில் 14 நாள் தனிமையில் வைத்தார்கள். 2020 மே 15-ல் மத்திய சுகாதார அமைச்சகம், ஆபத்தான தொடர்பு ஏற்பட்டவருக்கு மட்டும் தனிமை போதும் என்றது. எது ஆபத்து என்று முடிவு செய்வது யார்? அதே ஆஸ்பத்திரி! ஆளே இல்லாத இடத்தில் எந்தத் தொடர்பு ஆபத்தாகத் தெரியும்?

தடுப்பூசி உதவியது, மறுக்கவில்லை. 2021-ல் வேலூர் சி.எம்.சி. தன் ஊழியர்களிடம் ஆராய்ந்தபோது, இரண்டு தவணை போட்டவர்களிடம் தொற்று 65 சதவீதம் குறைந்திருந்தது. மீதிப் பேர் படுத்தால் வார்டை யார் பார்ப்பது?

அதற்குத்தான் ஒப்பந்த நர்ஸ்களை எடுத்தார்கள். 2022 டிசம்பர் 31-உடன் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி!

செலவு என்பார்கள். கூடுதல் நர்ஸ் சும்மா உட்கார்ந்திருப்பாரா? டெங்கு, காசநோய், சக நர்ஸின் பேறுகால விடுப்பு என்று வேலை வருடம் முழுக்க இருக்கிறது.

ஓட்டுக் கேட்டு வருபவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “நம் ஆஸ்பத்திரியில் லீவ் ரிசர்வ் நர்ஸ் எத்தனை பேர்?”