மகனைக் கொன்ற தந்தையும் தந்தையைக் காட்டிக்கொடுத்த மகனும்

2023ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள், திண்டுக்கல்லை அடுத்த நெடுஞ்சாலையில் ஒரு மகிழுந்து துரத்திப் பிடிக்கப்பட்டது. உள்ளே இருந்தவர் தில்லி அரசின் அமலாக்கத் துறை அலுவலர். அரசு மருத்துவர் ஒருவரிடம் 20 இலக்கம் உருபா கையூட்டுப் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. பிடித்தவர்கள் தமிழ்நாட்டின் ஊழல் தடுப்பு, கண்காணிப்புத் துறையினர். கள்ளப்பணம் தேட வந்த துறையே கையும் களவுமாய் அகப்பட்டதா என ஊர் வாய்விட்டு நகைத்தது.

ஏழு திங்கள் கழிந்தன. 2024 சூலை 12 அன்று சங்கர் இயக்கிக் கமலகாசன் நடித்த 'இந்தியன் 2' திரைக்கு வந்தது. நூறு அகவை கடந்த முதியவர் ஒருவர் விரல் நுனியால் வருமம் தாக்கிக் கையூட்டுக்காரரை வீழ்த்தும் கதை. மாந்த ஆற்றலுக்கு அப்பாற்பட்ட தனிமறவர் கதை என்றே அதனைச் சொல்லலாம். கையூட்டுக்காரன் பிடிபட்டபோது கைகொட்டிய மக்கள் கையூட்டை ஒழிக்கவந்த படத்தைக் கண்டு கேலி பேசினர்.

அக்கேலியிற் பெரும்பகுதி தகுந்ததே. மூன்று மணிநேரப் படம்; வெளிவந்த சில நாள்களிலேயே ஏறத்தாழ 12 மணித்துளிக் காட்சிகளை வெட்டியெறிய நேர்ந்தது. முதியவர் வாய் திறக்குந்தோறும் சொற்பொழிவு. பெயரிலேயே 'இந்தியன்', போதாக்குறைக்குத் தமிழிளைஞர் அவரை அழைக்கும் முழக்கம் 'கம் பேக் இந்தியன்', விரட்டும் முழக்கம் 'கோ பேக் இந்தியன்'. தமிழன் வா என்பதற்கும் போ என்பதற்கும் சொல்லற்றுப் போனானா? வருமக்கலையோ தமிழாசான்கள் வழிவழியாய்க் காத்த செல்வம். அதைத் தம் இசைவின்றிக் கையாண்டனர் என்று மதுரை ஆசான் ஒருவர் வழக்குத் தொடுக்கும் நிலையும் நேர்ந்தது. இவற்றையெல்லாம் எள்ளியவர்மேற் பழியில்லை. ஆனால் அப்படத்தில் மெய்யாய் இருந்த ஒன்றையும் சேர்த்தே எள்ளினார்கள். அதைத்தான் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

1996இல் வந்த முதற்படத்தில் சேனாபதி நேதாசியின் படையில் நின்ற மறவர். கையூட்டுக் கொடுக்க மறுத்தமையால் தீப்புண்பட்ட மகளை இழந்தவர். அவர் மகன் சந்துரு ஊர்திகளை ஆய்ந்து சான்று வழங்கும் அலுவலன். தடை பழுதுற்ற பேருந்துக்குக் கையூட்டு வாங்கிச் சான்று தர, பள்ளிப்பிள்ளைகள் மாண்டனர். தந்தையே மகனைக் கொன்றார். திரையரங்குகள் அதிரக் கைதட்டினர் தமிழர்.

அக்கைதட்டலுக்குக் கரணியம் உண்டு. கன்றை இழந்த ஆவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனைச் சிலம்பிற் கண்ணகி எடுத்துரைக்கிறாள். திருவாரூர் இன்றும் பேசுகிறது. மகனை ஒறுக்கும் தந்தை தமிழுள்ளத்திற்குப் பழகிய உருவம். மேலிருந்து கீழ்நோக்கிப் பாயும் அறத்தில் யாருக்கும் நோவில்லை. தந்தையின் பெருமை அதனால் வளரவே செய்கிறது.

இரண்டாம் படம் அத்தேரைத் திருப்பி ஓட்டியது. தைவானிலிருந்து திரும்பிய சேனாபதி இளைஞரை நோக்கி, 'முதலில் அவரவர் வீட்டைத் துப்புரவு செய்க. வீட்டிலுள்ள கையூட்டுக்காரரைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்க' என்கிறார். அவரை வலையொளி வழியே அழைத்த இளைஞனே முதலிற் சிக்குகிறான். அவன் தந்தையே கையூட்டுக்காரர். அதுவும் கையூட்டை ஒழிக்கும் துறையின் அலுவலர். மகன் தந்தையைக் காட்டிக்கொடுக்கிறான். தாய் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். வா என்று கூவிய ஊர் அன்றே போ என்று கல்லெடுக்கிறது.

மகன் தந்தையைக் காட்டிக்கொடுத்த கதை தமிழில் எங்கே புகழப்பட்டிருக்கிறது? 'காட்டிக்கொடுத்தல்' என்னும் சொல்லையே பாருங்கள். கோட்டைக் கதவைப் பகைவனுக்குத் திறந்துவிட்ட இரண்டகனுக்கும், களவை மன்றத்தில் உரைத்த நேர்மையாளனுக்கும் மக்கள் வழக்கில் ஒரே சொல்தான். இரண்டாமவனுக்கென்று மதிப்பான சொல்லொன்று வீட்டுப் பேச்சிற் புழங்கவில்லை. சொல் புழங்காத இடத்தில் செயல் எங்ஙனம் புழங்கும்? படம் தொட்டது இந்தப் புண்ணை. தொட்டவுடன் இயக்குநரும் அஞ்சினார் போலும். புண்ணை ஆற்றாமலும் அறுக்காமலும் விட்டுவிட்டு, முதியவரை ஒற்றையாழி வண்டியில் ஏற்றி ஓடவிட்டு, மூன்றாம் பாகத்திற்கு முன்னோட்டம் காட்டி முடித்தார். படத்தின் மெய்யான தோல்வி அதுவே. நீளமும் ஆரவாரமும் அதற்குப் பிற்பட்டவை.

தனிமறவனை அழைத்துப் பார்த்த பட்டறிவு திண்டுக்கல் சமவெளிக்குப் புதிதன்று. 1972இல் கட்சிக் கணக்குக் கேட்டு வெளியேற்றப்பட்ட ம.கோ.இராமச்சந்திரன், ஊழலை ஒழிப்பேன் என்று தனிக்கட்சி கண்டார். 1973 மே 20 அன்று நடந்த திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலே அக்கட்சியின் முதற்களம். ஒன்பது நாள் முன்னர்தான் அவருடைய 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளிவந்திருந்தது. இரட்டை இலை வென்றது. ஆளுங்கட்சி மூன்றாமிடத்துக்குப் போனது. திரையில் தீயோரை அடித்த கை ஆட்சியிலும் அடிக்கும் என்று ஏரைவிட்டும் தறியைவிட்டும் வந்த எளிய மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் அரை நூற்றாண்டு கடந்தும் பட்டா மாற்றப் போகும் உழவன் சட்டைப்பையைத் தடவிக்கொண்டுதான் அலுவலகப் படியேறுகிறான்.

ஏன்? படியின் மேலே அமர்ந்து வாங்குபவன் வானத்திலிருந்து குதித்தவனல்லன். அவனுக்குப் பெண் கொடுத்தபோது 'சம்பளம் இவ்வளவு, கிம்பளம் எவ்வளவு?' என்று உசாவிய மாமனார் இருக்கிறார். 'மேல்வரும்படி உள்ள வேலை' என்று பெருமையொடு பேசிய தாய் இருக்கிறாள். அப்பணத்திற் கட்டிய மாடியில் உறங்கி, அப்பணத்திற் கல்லூரி சென்று, மாலையில் ஊழல் ஒழிக என்று வலைத்தளத்தில் எழுதும் மகனும் இருக்கிறான். திண்டுக்கல் பூட்டு பெயர்பெற்றது. 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. வெளிக்கள்வனைத் தடுக்க அதனினும் உறுதியான காவல் வேண்டியதில்லை. உள்ளே இருப்பவனை என் செய்வது?

தில்லி அலுவலர் பிடிபட்ட நாளில் ஊர் நகைத்தது எளிதாயிற்று. அவர் வேற்றார், அவர் துறையும் வேற்றாரது. தில்லியின் கையைத் தமிழ்நாட்டுக் காவலர் மடக்கியது தமிழர்க்கு மகிழ்வு தருவதே. அம்மகிழ்விற் குறைசொல்ல யாதுமில்லை. ஆனால் அன்று மடக்கிய துறை எது? ஊழல் தடுப்பு, கண்காணிப்புத் துறை. ஏழு திங்கள் கழித்துத் திரையிற் பிடிபட்ட தந்தையின் துறையும் அத்தகையதே. வேற்றானைப் பிடித்தபோது கேட்ட கைதட்டல், தன் வீட்டான் பிடிபட்ட காட்சியில் எந்தத் திரையரங்கிலும் எழவில்லை.