கோலார் தங்க வயல் வீடுகள்: இழப்புக்குப் பொறுப்பு யார்?

மழைக்காலந்தோறும் ஓர் அறிவுரை வலம் வருகிறது. வெள்ளத்திலோ புயலிலோ வீட்டுப் பொருட்கள் சேதமடைந்தால் அரசின் உதவிக்காகக் காத்திருக்காதீர்கள், முன்கூட்டியே காப்பீடு செய்துகொள்ளுங்கள் என்பதே அது. நிரந்தர வருமானமும் சொந்த வீடும் உள்ளவர்களுக்கு அது பயனுள்ள யோசனையாக இருக்கலாம். கோலார் தங்க வயலின் லைன் வீடுகளுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்று பார்க்கப் புகுந்தால், பாலிசி எதை ஏற்கிறது என்பதைவிட எதை விலக்குகிறது என்பதே முக்கியமாகிவிடுகிறது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுப் பாலிசி 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, நிலம் உள்வாங்குதல் முதலியவற்றால் கட்டடத்துக்கும் உள்ளே உள்ள பொருட்களுக்கும் ஏற்படும் சேதத்தை இது ஈடுசெய்கிறது. கட்டடத்தைக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய் வரம்புக்கு உட்பட்டு, பொருட்களுக்குத் தானாகவே கிடைக்கும். பொருட்களுக்கு மட்டும் தனியாகவும் பாலிசி எடுக்கலாம். பீரோ, கட்டில், தொலைக்காட்சி, தையல் இயந்திரம் எல்லாம் இதில் அடங்கும். நகை அடங்காது, அதைத் தனியே சேர்க்க வேண்டும். நாட்டுக்கே தங்கம் எடுத்துக் கொடுத்த ஊரில் இது சற்று வேடிக்கையாகத்தான் ஒலிக்கும்.

கட்டடத்தைக் காப்பீடு செய்ய அதன்மீது உரிமை காட்ட வேண்டும். சுரங்க நிறுவனத்தின் குடியிருப்புகளில் தலைமுறைகளாக வாழும் குடும்பங்களுக்கு உரிமைப் பத்திரம் என்பது நீண்டகாலக் கோரிக்கை. ஆகவே அவர்களில் பலருக்கு எஞ்சுவது பொருட்களுக்கான பாலிசி மட்டுமே.

அந்தப் பாலிசியின் விலக்குப் பட்டியலைத் தோழர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். நிலம் உள்வாங்குவதால் வரும் சேதத்துக்கு ஈடு உண்டு என்று சொன்ன அதே பிரிவு, கொட்டி நிரப்பப்பட்ட நிலத்தின் அசைவாலும், நிலத்தடிப் பணிகள் அல்லது அகழ்வுகளாலும் நேரும் சேதத்துக்கு ஈடு இல்லை என்கிறது. கோலார் தங்க வயலின் நிலம் எத்தகையது? 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி நுழைந்தது முதல் 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, 120 ஆண்டுகளாக அகழப்பட்ட நிலம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. மேலே, அரைத்துத் தள்ளிய கழிவு மண் சயனைடு மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. விலக்குப் பட்டியலின் இரண்டு வரிகளும் இந்த ஊரைப் பார்த்தே எழுதியவை போல இருக்கின்றன.

ஆழத்தில் பாறை வெடிக்கும்போது மேலே வீடுகள் அதிர்வதைச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் நூறாண்டுக்கு மேலாக அறிவார்கள். அதை ஆராய்வதற்கென்றே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988இல் இங்கே தொடங்கப்பட்டது. சுரங்கம் மூடியதோடு அதிர்வுகள் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. நீர் நிரம்பிய சுரங்கங்களிலும் அவை பதிவாயின. நாளை ஓர் அதிர்வில் சுவர் விழுந்து உள்ளிருந்த பொருட்கள் நொறுங்கினால், அது நிலநடுக்கமா அல்லது அகழ்வின் விளைவா? முதலாவது என்றால் ஈடு உண்டு. இரண்டாவது என்றால் மறுக்க வழியுண்டு. அதை முதலில் எழுதப்போகிறவர் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர்.

அரசு நிவாரணத்தின் நிலையும் தெரிந்ததே. 2022-26 காலத்துக்கான பேரிடர் நிவாரண விதிகளின்படி, வீடு முழுவதும் அழிந்தால் அல்லது இரண்டு நாட்களுக்கு மேல் வெள்ளம் சூழ்ந்து நின்றால், ஒரு குடும்பத்தின் துணிமணிக்கு 2,500 ரூபாய், பாத்திரம் முதலிய வீட்டுப் பொருட்களுக்கு 2,500 ரூபாய். சுரங்கத்தால் நிலம் உள்வாங்குவது ஒன்றிய அரசின் பேரிடர் பட்டியலிலேயே இல்லை. இத்தனைக்கும் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், மனிதரால் விளைந்த பெருங்கேட்டையும் பேரிடர் என்றே வரையறுக்கிறது.

தோண்டியவரே சேதத்துக்குப் பொறுப்பு என்பது புதிய கோட்பாடு அல்ல. பிரிட்டனில் 1991ஆம் ஆண்டுச் சட்டம், நிலக்கரிச் சுரங்கத்தால் நிலம் தாழ்ந்து வீடு சேதமுற்றால் சீர்செய்யும் கடமையைச் சுரங்கத் தரப்பின்மீது சுமத்தியது. கோலாரில் தங்கம் எடுத்துக் கொழித்த கம்பெனியின் தாய்நாடு அது! இந்தியாவிலும் ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரி வயல்களின் தீயாலும் நிலச் சரிவாலும் பாதிக்கப்பட்டோரின் மறுவாழ்வுக்காக 2009இல் 7,112 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒன்றிய அரசு ஏற்றது. அதன் அமலாக்கம் தள்ளாடியது வேறு கதை. பொறுப்பு என்று ஒன்று இருப்பதை அரசு ஒப்புக்கொண்டது. கோலார் தங்க வயலுக்கு அந்த ஒப்புதல்கூட இல்லை.

இன்னொரு பொருத்தத்தையும் கவனிக்கலாம். 1972இல்தான் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது; பொதுக் காப்பீட்டுத் துறையை நாட்டுடைமையாக்கிய சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. சுரங்கம் மூடப்பட்ட காலத்திலேயே காப்பீடு தனியாருக்குத் திறக்கப்பட்டது. அந்நிய முதலீட்டு வரம்பு 26 சதவீதத்தில் தொடங்கி 49, 74 என ஏறி இப்போது 100 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. வேலையைப் பறித்து, ஆண்களையும் பெண்களையும் மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்குக் கூலிக்கு அனுப்பிவிட்டு, மீந்த இடரையும் அவர்களே பிரீமியம் கட்டிச் சுமக்கட்டும் என்பதுதான் இந்தக் கொள்கையின் சாரம். பாலிசி எடுக்கக் கூடியவர்கள் எடுக்கட்டும்; பொதுத்துறை நிறுவனத்தில் எடுக்கட்டும். வெள்ளத்துக்கும் தீக்கும் அது உதவும். சுரங்கத்தின் பொறுப்புக்கு அது மாற்றாகாது.

2024 ஜூனில் 13 கழிவு மேடுகளில், சுமார் 1,003 ஏக்கரில், மீண்டும் தங்கம் பிரித்தெடுக்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மேடுகளைக் கலைத்தால் தூசியும் மழைநீரின் போக்கும் மாறும். எனவே ஒப்பந்தம் எதுவாயினும், சுற்றியுள்ள வீடுகளின் இன்றைய நிலை முதலில் அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்யப்பட வேண்டும். வீட்டுக்கும் பொருட்களுக்கும் நேரும் சேதத்துக்கு ஈடு தரும் நிதி, எடுக்கப்படும் தங்கத்தின் மதிப்பிலிருந்து ஒதுக்கப்பட வேண்டும். குடியிருப்போருக்கு உரிமைப் பத்திரம் வழங்கப்பட வேண்டும்.

அரசு கணக்கெடுக்கும்வரை கிளைகள் காத்திருக்கத் தேவையில்லை. லைன் வாரியாக விரிசல்களையும் ஒழுகும் கூரைகளையும் தேதியிட்ட புகைப்படங்களுடன் பதிவு செய்யலாம். காப்பீட்டுக் கோரிக்கைக்கும் அதே ஆவணம் பயன்படும். 1946 நவம்பர் 4 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்த ஆறு தொழிலாளர்களின் நினைவு நாளுக்குள் அந்தப் பட்டியல் முடிக்கப்பட்டு, அன்றே மாவட்ட ஆட்சியரிடமும் ஒன்றியச் சுரங்க அமைச்சகத்திடமும் அளிக்கப்பட வேண்டும்.