அக்கரை நாவலும் நம்மவரும்

அமெரிக்க அடிமைகளைப் பற்றி ஸ்டோ அம்மையார் எழுதி 1852-இல் நூலாய் வெளிவந்த நாவலை வாசித்துக் கண்ணீர் சொரிவார் நம்மிற் பலர். பெரம்பலூர், அரியலூர்ச் சீமைக்கு வடக்கே ஓடும் வெள்ளாற்றின் அக்கரைக் கடலூர் ஜில்லாவினரான இமையம் 1994-இல் வெளியிட்ட ‘கோவேறு கழுதைகள்’ வாசித்தாரோ சிலரே. தாழ்த்தப்பட்டோர்க்குத் துணி வெளுத்து, வீடுதோறும் சோறு வாங்கியுண்ணும் கிறிஸ்தவ வண்ணாத்தி ஆரோக்கியமே அதன் தலைவி.

ஒடுக்கப்பட்டோர் தம்மினுந் தாழ்ந்தாரை ஒடுக்குதலைப் புறத்தார்க்குக் காட்டலாகாதென விமர்சகர் சிலர் கண்டித்தனர். அஃது எனக்கு உடன்பாடன்று. மறைத்தலால் நன்மையடைவார் யாவர்? ஆரோக்கியம் அல்லளே!

எங்கள் ஊரில் அழுக்கெடுக்க வரும் மூதாட்டியொருத்தி புறக்கடையிலேயே நிற்பாள். பாட்டி வயதினளைப் பள்ளிச் சிறுவனாகிய யானும் பெயர் சொல்லியே அழைத்தேன். ஞாயிறு ஆராதனையில் இருவரும் ஒரே சங்கீதம் பாடினோம். இந்நாவலை முடித்த இரவில், அவள் பிள்ளைகளின் பெயர் ஒன்றேனும் அறியேன் என்பது நினைவுக்கு வந்தது.