சிறுகூட்டங்களின் செவிச்செல்வம்

1963ஆம் ஆண்டு, ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர் இருக்கையில் இயூ திரெவர்-உரோப்பர் என்பார் வீற்றிருந்தார். அவர் சசெக்சுப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகளை பி.பி.சி. தொலைக்காட்சி நாடெங்கும் பரப்பிற்று. அவற்றுள் அவர் கூறிய கருத்து ஒன்று: ஆப்பிரிக்காவுக்கென்று இன்றைக்குக் கற்பிக்கத்தக்க வரலாறு ஏதுமில்லை, அங்கே ஐரோப்பியர் சென்று செய்தவற்றின் வரலாறு மட்டுமே உண்டு, எஞ்சியதெல்லாம் இருள், இருளோ வரலாற்றுக்குரிய பொருளன்று.

பேராசிரியர் ஒருவர் பிழைபடுவது உலகிற்குப் புதிதன்று. ஈண்டுக் கருதத்தக்கது வேறு. அப் பிழையைப் பேச அவர்க்கு ஒரு நாட்டின் அலைவரிசையே கிடைத்தது; அப் பிழையால் இழிவுற்ற மக்கட்கோ அவ் வரங்கில் ஓர் ஒலிவாங்கிதானும் கிடைக்கவில்லை. வானொலி நடத்தக் கோபுரம் வேண்டும், கட்டடம் வேண்டும், அரசின் உரிமம் வேண்டும். இவை மூன்றும் உடையவன் யாரோ அவனே பேசுவான். ஏனையோர் கேட்பர். அதுவும் அவன் மொழியில் கேட்பர்!

இத்தனைக்கும் ஆப்பிரிக்க மக்கள் வரலாற்றை ஏட்டில் எழுதியதினும் மிகுதியாக நாவில் எழுதி வைத்தவர்கள். மேற்காப்பிரிக்க மாந்திங்கா மக்களிடையே குடிவழியாக வரலாறு பாடும் பாணர்கள் இன்றும் உளர். ‘செலி’ என்பது அவர்தம் மொழி அவர்க்கு இட்ட பெயர். பிரெஞ்சுக்காரர் ‘கிரியோ’ என்றனர். 13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுண்டியாத்தாவின் வரலாற்றை, மமாது குயாத்தே என்னும் பாணர் சொல்லச் சொல்லக் கேட்டு, நியான் என்னும் அறிஞர் 1960இல் பிரெஞ்சு மொழியில் நூலாக்கினார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டு செவியிலிருந்து செவிக்கு வந்த செய்தி அது. பாணர் மரபை அறிந்த தமிழர்க்கு இதில் வியப்பிராது. ஆக்சுபோர்டுப் பேராசிரியர் இருளைப் பற்றிப் பேசுவதற்கு மூன்றாண்டு முன்னரே அந் நூல் அச்சேறிவிட்டது என்பதுதான் வியப்பு.

அதன் பின்னர் 1964இல் யுனெசுக்கோ அமைப்பு ஆப்பிரிக்காவின் பொது வரலாற்றை எழுதுவிக்கும் பணியைத் தொடங்கிற்று. எட்டு மடலங்கள், முதலாவது 1981இல் வெளிவந்தது, எட்டாவது 1993இல். முப்பதாண்டு உழைப்பு! பெரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ் வெட்டு மடலங்களையும் தோளில் சுமந்து யார் பேருந்தில் ஏறுவார்?

வலையொலி நுழைந்தது அந்த இடத்தில்தான். இலண்டனிலோ இலாகோசிலோ இருக்கும் ஒருவர், ஓர் ஒலிவாங்கியும் கணினியும் கொண்டு, தம் வீட்டு அறையிலேயே பேசிப் பதிவு செய்கிறார். அது வலைத்தளத்தில் ஏற்றப்படுகிறது. கேட்பவர் தமக்கு வாய்த்த நேரத்தில், சோறாக்கும்போதோ தொடர்வண்டியில் செல்லும்போதோ கைப்பேசி வழியே கேட்கிறார். கோபுரமும் உரிமமும் இதற்கு வேண்டா. நூறுபேர் கேட்டாலும் நடத்தலாம். வானொலிக்கு நூறுபேர் என்றால் இழப்பு. இங்கோ அந் நூற்றுவரே ஒரு கூட்டம்.

2020ஆம் ஆண்டு பிரித்தானியாவில் சின்னி உக்காட்டா, ஆசுத்திரிது மடிம்பா என்னும் இரு பெண்கள் ‘இது ஒரு கண்டம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு வலையொலி தொடங்கினர். பெயரே ஓர் அறைதான். ஆப்பிரிக்காவை ஒரே நாடென்று எண்ணிப் பேசுவார்க்கு, 54 நாடுகள் கொண்ட நிலம் அது என்று நாடு நாடாக எடுத்துச் சொல்வது அவர்தம் முறை. 2022இல் அது நூலாகவும் வந்தது. பேச்சு முன்னும் ஏடு பின்னுமாக வந்த இவ் வரிசை பழைய பாணர் வரிசையே.

மற்றொன்று, மெய்யியல் பற்றியது. பீட்டர் ஆடம்சன் என்னும் பேராசிரியர் 2010இல், இடைவெளி ஏதும் விடாது மெய்யியல் வரலாற்றைச் சொல்வேன் என்று ஒரு வலையொலித் தொடரைக் கிரேக்கத்திலிருந்து தொடங்கினார். ‘இடைவெளி விடமாட்டேன்’ என்று சொன்னவர் ஐரோப்பாவோடு நிற்க முடியாதன்றோ? இசுலாமிய உலகிற்கும் இந்தியாவிற்கும் சென்று, 2018 முதல் சிக்கே செபர்சு என்னும் அறிஞரோடு இணைந்து ஆப்பிரிக்க மெய்யியலையும், கடல் கடந்து அடிமைகளாய்க் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்கர் வழியினரின் மெய்யியலையும் சொல்லி வந்தார். நூலோராய் எண்ணப்படாத மக்களின் வாய்மொழி மரபும் அங்கே மெய்யியலாகவே ஆராயப்பட்டது. எந்த வானொலி நிலையம் இதற்கு இத்தனை ஆண்டு இடம் கொடுத்திருக்கும்?

இவ்வளவும் சொன்ன பின்னர், சொல்லாமல் விடக்கூடாத குறை ஒன்று உண்டு. இவையெல்லாம் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. ஏறத்தாழ 2000 மொழிகள் வழங்கும் ஒரு பெருநிலத்தின் வரலாறு, அந் நிலத்தைப் பங்கிட்டவர்களுள் ஒருவரின் மொழியில் சொல்லப்படுகிறது. நடத்துவோரைக் குறை கூறுவது முறையன்று. அவர்கள் பேசுவது ஐரோப்பிய நகரங்களில் பிறந்து, தாய்வழி மொழியை இழந்துபோன பிள்ளைகளோடு. அப் பிள்ளைகட்கு வேறு வாயில் இல்லை. எனினும் வாயிலே வீடாகிவிடுமா?

கென்யா நாட்டு எழுத்தாளர் கூகி வா தியாங்கோ இக் கேள்வியைத் தம் வாழ்க்கையாலேயே கேட்டவர். ஆங்கிலத்தில் புதினங்கள் எழுதி ஆட்சியாளரைக் கடுமையாகச் சாடிய நாள்வரை அவர்மீது சிறைக்கதவு சாத்தப்படவில்லை. 1977இல் காமிரீத்து என்னும் சிற்றூரில், உழவரும் தொழிலாளருமே நடிக்க, கிக்கூயு மொழியில் ஒரு நாடகம் அரங்கேற்றினார். ஆண்டு முடிவதற்குள் கைது செய்யப்பட்டார்; உசாவலின்றி ஏறத்தாழ ஓராண்டு சிறை. ஆங்கிலத்தில் திட்டினால் அது படித்தவர்க்குள் நிகழும் உரையாடல்; ஊரார் மொழியில் திட்டினால் அது ஊரின் எழுச்சி! ஆட்சியாளர் இதனைப் புலவரினும் நன்றாக அறிந்திருந்தனர். சிறையில் கழிப்பறைத் தாளில் அவர் கிக்கூயு மொழியில் எழுதிய புதினம் 1980இல் வெளிவந்தது. 2025 மே திங்களில் அவர் மறைந்தார். கிக்கூயு மொழியில் ஒருவர் தம் ஊரின் வரலாற்றைப் பதிவு செய்து வலையேற்றுவதற்கு இன்றைக்குக் கழிப்பறைத் தாள் வேண்டா. கையிலுள்ள பேசியே போதும். அவ் வழியில் நடப்போர் ஆங்கிலத்தில் நடப்போரினும் சிலரே என்பதுதான் வருத்தம்.

தாய்மொழியில் பேசிவிட்டால் எல்லாம் நலமாகும் என்றும் எவரும் மயங்குதல் வேண்டா. 1993இல் உருவாண்டாவில் ஒரு தனியார் வானொலி தொடங்கப்பட்டது. மக்கள் பேசும் கினியருவாண்டா மொழியிலேயே, பாட்டும் பகடியுமாக அது பேசிற்று. 1994இல் நிகழ்ந்த இனக்கொலைக்கு அதுவே ஊதுகுழலாயிற்று. கொல்லப்பட வேண்டியவரின் பெயரையும் இருப்பிடத்தையும் சொல்லி ஆளேவிற்று. அதை நிறுவியோருள் இருவரைப் பன்னாட்டு முறைமன்றம் 2003இல் குற்றவாளிகளெனத் தீர்த்தது. செவிவழிச் செல்வது எல்லாம் செல்வமன்று. நஞ்சும் அவ்வழியே செல்லும். வலையொலிகளிலும் பொய்யும் பகையும் விற்போர் பல்கியுள்ளனர். ‘எம் கூட்டத்தின் குரல்’ என்னும் முகப்பு, குரலின் மெய்ம்மைக்குச் சான்றாகாது.

இனிக் கால்பந்து. வரலாற்றையும் மெய்யியலையும் பேசிய இடத்தில் பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று புலவர் சிலர் முகஞ்சுளிக்கலாம். சுளிக்கட்டும். இங்கிலாந்தின் உழைக்கும் மக்கட்குத் தம் ஊர் அணி என்பது வெறும் விளையாட்டன்று. ஊர்ப்பற்றும் குடும்ப மரபும் சனிக்கிழமை வழிபாடும் எல்லாம் ஒன்றாய்த் திரண்டது அது. பெரிய நாளிதழ்கள் அவர்களை நெடுங்காலம் குடிகாரக் கும்பலாகவே எழுதின. 1980களில் அவர்கள் தாமே படியெடுத்த சிற்றிதழ்களை ஆட்டத்திடல் வாயிலில் நின்று விற்றனர். 1984இல் பிராடுபோர்டு நகரில் ஒன்று, 1986இல் நாடு முழுமைக்குமாக ஒன்று, பின்னர் எண்ணிறந்தன. இன்றைய வலையொலிகளின் தாய் அச் சிற்றிதழ்களே.

இலிவர்ப்பூல் நகரை எடுத்துக்கொள்க. 1989 ஏப்பிரல் 15ஆம் நாள், செபீல்டு நகரின் இல்சுபரோ ஆட்டத்திடலில் ஏற்பட்ட நெரிசலில் அந் நகர் அணியின் பற்றாளர் 97 பேர் உயிர் இழந்தனர். நான்கு நாள் கழித்து ‘தி சன்’ என்னும் நாளிதழ், ‘உண்மை’ என்று முதற்பக்கத்தில் தலைப்பிட்டு, இறந்தோரின் உடைமைகளைப் பற்றாளரே திருடினர் என்று பொய் எழுதிற்று. அன்று தொடங்கி இன்றுவரை அந் நகரில் அவ் விதழை வாங்காதோர் பல்லாயிரவர். 2012இல் தனி ஆய்வுக்குழு ஆவணங்களை வெளிக்கொணர்ந்தது; 2016இல்தான், அவர்கள் சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்டனர் என்று தீர்ப்பு வந்தது. இருபத்தேழு ஆண்டுகள்! இவ்வாறு புண்பட்ட ஒரு நகரம் தன்னைப் பற்றித் தானே பேச முனைந்ததில் என்ன வியப்பு? 2011இல் அந்நகரத்தார் சிலர் தொடங்கிய ‘ஆன்பீல்டு இராப்’ என்னும் வலையொலி, கேட்போர் செலுத்தும் கட்டணத்தால் வளர்ந்து, அலுவலகமும் ஊழியரும் கொண்ட நிறுவனமாகவே ஆயிற்று. அங்கே பேசுவோர் தம் ஊர்ப்பேச்சிலேயே, ஊர் ஒலிப்பிலேயே பேசுகின்றனர். செம்மொழி வழக்கை விழைவோர்க்கு இது சிறிது இடிக்கும்தான். ஆனால் அவ் வூர்ப்பேச்சை ஒரு காலத்தில் ஆங்கில வானொலியார் தம் வாயிலுக்குள்ளேயே விட்டதில்லை என்பதையும் உடன் நினைதல் வேண்டும்.

2021 ஏப்பிரல் 18ஆம் நாள், ஐரோப்பாவின் பன்னிரு பெருங்கழகங்கள் தமக்குள் மட்டும் ஆடும் ஒரு தனித்தொடரை அறிவித்தன. இங்கிலாந்தின் ஆறு கழகங்கள் அவற்றுள் அடங்கும். இரண்டே நாளில் அவ்வாறும் பின்வாங்கின. முதலாளிகளை மடக்கியது பற்றாளரின் சினம். அச் சினத்தைத் திரட்ட அவர்க்குச் சொந்தமாக வாயும் செவியும் முன்னரே அமைந்திருந்தன.

ஆனால் இவ் வாயையும் செவியையும் விலைக்கு வாங்க முதலாளிகள் முந்தி வருகின்றனர். வலையொலியின் உயிர் ‘செய்தியோடை’ என்னும் எளிய பட்டியல். எவர் செயலியும் அதைப் படிக்கலாம். எவர் தயவும் வேண்டா. 2019 முதல் இசுபாட்டிபை என்னும் குழுமம் வலையொலி நிறுவனங்களை வாங்கத் தொடங்கிற்று. 2020இல் பெருந்திரளானோர் கேட்ட ஒரு வலையொலியைத் தன் முற்றத்தில் மட்டுமே கேட்கலாம் என்று வேலியிட்டது. 2024இல் அவ் வேலியைத் தானே தளர்த்திற்று. அதே 2024இல் கூகுள் தன் வலையொலிச் செயலியை மூடிவிட்டது. மூடியபோது, செய்தியோடையைத் தம் கையில் வைத்திருந்தோர் ஒரு கேட்பாளரையும் இழக்க வேண்டியதாகவில்லை. அவர்கள் வேறொரு செயலிக்கு மாறிக்கொண்டனர். ஒரே மேடையை நம்பி வாழ்வோர்க்கு இக் காப்பு இல்லை. மொழிக்கென்றும் இனத்திற்கென்றும் வலையொலி தொடங்குவோர், முகப்புப் படத்திற்குச் செலவிடும் கவலையில் பாதியையேனும் இதற்குச் செலவிடுதல் நன்று.

இறுதியாகப் பெயர். 2004 பிப்பிரவரியில் ‘கார்டியன்’ நாளிதழில் பென் அம்மர்சிலி என்பார், இப் புதுக்கலைக்கு என்ன பெயரிடலாம் என்று கேள்விக்குறியோடு அடுக்கிய சொற்களுள் ஒன்றுதான் ‘பாட்காசுட்டு’. ஆப்பிள் குழுமத்தின் ஐபாடு என்னும் இசைப்பெட்டியின் பெயரோடு, ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வாலை ஒட்டியது. அவ் விசைப்பெட்டியை ஆப்பிள் 2022இல் நிறுத்திவிட்டது.

இச் சொல்லை எல்லாரும் வாய் திறந்து விழுங்கிவிடவில்லை. கியூபெக்கு மாநிலப் பிரெஞ்சு மொழி அலுவலகம் அதே 2004இல், உலாவிக்கொண்டே கேட்பது என்னும் கருத்தில் ‘பலாதோதிபுசியோன்’ என்றொரு சொல்லை ஆக்கிற்று. மக்கள் அதைப் ‘பலாதோ’ என்று சுருக்கி வழங்குகின்றனர். ஐசுலாந்தினர் ‘இலாத்வார்ப்பு’ என்கின்றனர்; வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தம் மொழியில் முன்னரே ஆக்கிக்கொண்ட சொற்களின் அதே ஈற்றை இதற்கும் இட்டனர். நான்கு நூறாயிரம் மக்கள்கூட முழுமையாக இல்லாத நாடு அது! எபிரேய மொழிக் கழகம், ‘செவி சாய்த்துக் கேள்’ என்று பொருள்படும் பழந்திருமறைச் சொல் ஒன்றின் வேரிலிருந்து ‘எசுக்கெத்து’ என்னும் சொல்லை எடுத்துத் தந்தது.

தமிழுக்கு ‘வலையொலி’ உண்டு. ஆக்கியோர் எவராயினும் நல்ல சொல். வலையும் தெரிகிறது, ஒலியும் தெரிகிறது, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்குகிறது. அச் சொல்லைத் தலைப்பிலேயே இட்டுத் தமிழில் நடத்துவோர் உளர். தமிழ் இலக்கியத்தையே பேசவந்து, முகப்பில் மட்டும் நின்றுபோன அவ் விசைப்பெட்டியின் பெயரைப் பெரிதாய்ப் பொறித்து வைத்திருப்போரும் உளர்.