தவறாகக் கேட்கும் செவி

குரலால் நிரல் எழுதும் மென்பொருள் எப்படி இயங்கும் என்று காட்ட அந்த மென்பொருளே வேண்டியதில்லை, பவர்பாயிண்ட் போதும். கறுப்புச் செவ்வகம் ஒன்று, அதனுள் எழுத்தெழுத்தாகத் தோன்றும் நிரல் வரிகள், மூலையில் பேசும்போது சிவக்கும் ஒலிவாங்கிப் படம். பதிவு செய்த குரலுக்கு ஏற்ப விநாடிகளைச் சரிசெய்துவிட்டால், பேசப் பேசத் திரையில் நிரல் விளைவது போன்ற மயக்கம் கிடைத்துவிடும். நாமும் அப்படியொன்றைச் செய்தோம்.

மணிக்கட்டு வலியால் விசைப்பலகையைத் தொட முடியாமற்போன நண்பர் ஒருவரிடம் அதைக் காட்டினோம். முழுவதும் பார்த்தவர் ஒன்றே கேட்டார்: "நான் சொன்னது அதற்குத் தவறாகக் கேட்டால் என்ன செய்வது?" நம்மிடம் விடை இல்லை. நம் படத்தில் கேட்கும் செவியே இல்லையே!

போலி இடைமுகம் செய்வதே பிழை என்பதல்ல நம் வாதம். ஐபிஎம் ஆய்வாளர் ஜான் கூல்டும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பேசினால் எழுதும் தட்டச்சுப்பொறியைப் போலியாகவே அமைத்திருந்தார்கள். பேசுபவரின் சொற்களை வேறோர் அறையில் ஒரு தட்டச்சர் கேட்டு அடித்தார். ஆனால் வரையறுத்த சொற்பட்டியலில் இல்லாத சொல் வந்தால், திரையில் வெறும் எக்ஸ் குறிகளே தோன்றின. பாதி கேட்கும் பொறியுடன் மனிதர் எப்படிப் போராடுவார் என்பதை அந்தப் போலி காட்டியது.

2006இல் விண்டோஸ் விஸ்டாவின் குரலறிதலை மேடையில் காட்டியபோது, அது 'அம்மா' என்பதை 'அத்தை' என்று எழுதியது. திருத்தச் சொன்ன கட்டளைகளும் கடிதத்தின் வாசகமாகவே பதிந்தன. கடிதம் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். நிரலில் ஓர் அடைப்புக்குறி தவறினாலும் எல்லாம் நின்றுவிடும். குரலறிதல் இன்று வெகுவாகத் தேறியிருக்கிறது. எனினும் நிரலாளர் தாமே சூட்டும் மாறிகளின் பெயர்கள் எந்த அகராதியிலும் இருப்பதில்லை. ஆகவே திருத்தும் வழிதான் இத்தகைய இடைமுகத்தின் உயிர்நிலை. அதை விட்டுவிட்டு மற்றதை அசைவூட்டிக் காட்டுவது விளம்பரம் மட்டுமே.

நம் படத்தில் இப்போது மூன்று ஸ்லைடுகளைச் சேர்த்திருக்கிறோம். தவறாகக் கேட்ட மாறிப்பெயர், அதை நீக்கும் கட்டளை, எழுத்துக்கூட்டி மீண்டும் சொல்லுதல். படத்தின் ஓட்டம் தடைப்படுகிறது; அழகும் குறைந்துவிட்டது. நண்பர் இம்முறை, "ஒரு பிழையைத் திருத்த இத்தனை நேரமா?" என்று கேட்டார். நாம் முதலிலேயே எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி அது.