ஒருவர் குற்றம், ஊர் மேல் பழி

மதுரை மாவட்டத்தில் எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகை வைக்க மறுத்துத் திரண்ட ஊர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய் உயிரை விட்டவர் என்று மாயக்காளை ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அன்றைக்கு ரேகை கேட்கப்பட்டதற்கு எந்தத் தனி மனிதரின் குற்றமும் காரணம் இல்லை. பிரமலைக் கள்ளர் என்ற சாதிப் பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

ரேகை கேட்டது குற்றப் பரம்பரைச் சட்டம். வட இந்தியாவில் 1871-ல் தொடங்கிய அது, 1911-ல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914-ல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. 1918-ல் மதுரை வட்டாரப் பிரமலைக் கள்ளர்கள் எல்லோர் மீதும் விரிந்தது. தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, ஆகவே திருடன் மகன் திருடன் என்பதுதான் இதன் பின்னால் இருந்த வாதம். ஒரு கூட்டத்தைக் குற்றக் கூட்டம் என்று அரசு அறிவித்துவிட்டால், அது சரியா என்று நீதிமன்றமே கேட்க முடியாதபடி சட்டத்தில் ஒரு பிரிவு வைத்திருந்தார்கள். ஒரு நாளும் திருடாத குடியானவர் ஒருவர் தன்னைத் திருடன் இல்லை என்று எங்கே போய் நிரூபிப்பார்? பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவர வேண்டுமென்றாலும், எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று சொல்லி ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். இரவானால் பாயைச் சுருட்டிக்கொண்டு போலீஸ் கண்ணெதிரே போய்ப் படுக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளைகள் வீட்டில் தனியே இருப்பார்கள்.

திருட்டே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு போய், கண்டுபிடித்துத் தருவதாகத் துப்புக்கூலி கேட்டவர்கள் இருந்தார்கள். அதே மண்ணில் காவல் கூலி வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் காவல் காத்தவர்களும், மானாவாரிப் புஞ்சையை நம்பி வானத்தைப் பார்த்துக் கிடந்தவர்களும் இருந்தார்கள். பிரமலைக் கள்ளர் சமூகம் தனக்குள்ளேயே எட்டு நாடு, இருபத்துநான்கு உபகிராமம் என்று பிரிந்து கிடப்பது. திடியன், வாலாந்தூர், கருமாத்தூர், பாப்பாபட்டி என்று ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கோயில், தனி மரியாதை, தீராத வழக்குகள். 1949-50-ல் இங்கே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், இந்த உட்பிரிவுகளை விவரிக்கவே ஒரு பெரிய புத்தகம் எழுத வேண்டியிருந்தது. போலீஸ் பதிவேட்டுக்கோ ஒரு வரி போதுமானதாக இருந்தது.

தனித்தனி மனிதர்கள் எப்போது நம் கண்ணுக்கு ஒற்றை உருவமாகத் தெரிகிறார்கள் என்று 1958-ல் அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பெல் கேட்டார். ஒத்த சாயல், அருகருகே இருப்பது, எல்லோருக்கும் ஒரே கதி நேர்வது ஆகியவற்றை அவர் காரணங்களாகச் சொன்னார். இவற்றில் மூன்றாவதுதான் பிரமலைக் கள்ளர்கள் வாழும் உசிலம்பட்டி வட்டாரத்துக்குப் பொருந்துகிறது. அந்த ஒரே கதியை அரசே உண்டாக்கியது. நேற்றுவரை நாட்டுக்கு நாடு முறைத்துக்கொண்டவர்கள், ஒரே ஸ்டேஷன் வாசலில் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒரே கூட்டம் என்று சொல்லிச் சொல்லியே அவர்களை ஒரே கூட்டமாக ஆக்கினார்கள்.

அப்படிப் பிறந்த ஒற்றுமை நல்லதும் செய்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும் ஜீவானந்தம் போன்ற பொதுவுடைமையாளர்களும் எதிர்த்துப் போராடிய அந்தச் சட்டம், 1947-ல் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. செங்கன்னூரில் பிறந்து மதுரைக்கு வந்த வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், இந்த மக்களுக்காக நீதிமன்றப் படியேறினார். அவர்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அழைத்தார்கள். அவர் அவர்களுடைய இனமும் இல்லை, சாதியும் இல்லை. தன்முன் வந்து நின்றவரை ஆளாகப் பார்த்தார், அவ்வளவுதான். சீர்திருத்தம் என்ற பெயரில் தொடங்கிய கள்ளர் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ப்பதாக 2023-ல் அரசு அறிவித்தபோது, இந்த வட்டாரம் எதிர்த்துக் கிளம்பியது. இழிவாகச் சூட்டப்பட்ட பெயரில் மூன்று தலைமுறை படித்து முன்னேறியிருக்கிறது. அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது.

சட்டம் போன பிறகும் கண் மாறவில்லை. 1986-ல் ஓர் ஆங்கில இதழ் இந்த வட்டாரத்தில் நடந்த பெண் சிசுக்கொலை பற்றி அட்டைப்படக் கட்டுரை வெளியிட்டது. கொடுமை உண்மை, அதை வெளியே கொண்டுவந்ததும் தேவையான வேலை. ஆனால் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் முதலில் சேலத்தில் தொடங்க வேண்டிய அளவுக்கு அந்தக் கொடுமை வேறு இடங்களிலும் இருந்தது. பழி மட்டும் உசிலம்பட்டி என்ற ஒரே ஊரின் மேல் ஒட்டிக்கொண்டது. பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்த தாய்மார்களும் அந்தப் பெயரைச் சுமந்தார்கள்.

இதைவிடக் கசப்பானது ஒன்று உண்டு. இதே வட்டாரத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-ல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே தேர்தலை ஒழுங்காக நடத்தவிடவில்லை. ஜெயித்தவரைப் பதவியேற்ற கையோடு ராஜினாமா செய்யவைத்தார்கள். 2006-ல்தான் முறையான தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பிறப்பைக் காட்டி ஒதுக்கப்படுவதன் வலியைப் பாட்டன் காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள், அதே அளவுகோலைப் பக்கத்துத் தெருக்காரர் மேல் வைத்தது பெரும் தவறு. அனுபவித்தவருக்கு இரக்கம் தானாக வந்துவிடும் என்று நாம் நம்புகிறோம். வருவதில்லை. பிரிட்டனில் பள்ளிச் சிறுவர்களை வைத்து உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் நடத்திய சோதனை 1970-ல் வெளியானது. எந்த ஓவியம் பிடிக்கிறது என்பது போன்ற அற்பக் காரணத்தைச் சொல்லிப் பிரித்தபோதும், சிறுவர்கள் தங்கள் அணி என்று சொல்லப்பட்டவர்களுக்கே கூடுதல் பங்கு கொடுத்தார்கள். நாஜிகளிடம் குடும்பத்தைப் பறிகொடுத்தவர் தாஜ்ஃபெல். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியும்.

'நீங்க என்ன ஆளுக?' என்ற கேள்வி டீக்கடையிலிருந்து காவல் நிலையம் வரை இன்றும் கேட்கிறது. பதில் வந்ததும் எதிரே நிற்பவரின் முகம் மறைந்துபோகிறது. சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்க வேண்டும், முன்பு குற்றப் பரம்பரை எனப்பட்ட சீர்மரபினரை மனம்போனபடி கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் சீர்மரபினர் பட்டியலில் 68 சமூகங்கள் இருக்கின்றன. காவல் துறை தன் சரித்திரப் பதிவேடுகளை இந்த உத்தரவை வைத்துக்கொண்டு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மேல் வழக்கு இருந்தால் அவர் பெயர் இருக்கட்டும். சாதியையோ ஊரையோ காரணமாக வைத்து ஏறிய பெயர்களை, ஒன்றுவிடாமல் அடித்துவிடுங்கள்.