முகம் மாறிய மனிதன்

அச்சமூட்டும் விஞ்ஞானக் கற்பனைப் படம் என்றதும் வேற்றுக்கிரக உயிர்களும் பூதாகாரமான பூச்சிகளுமே நம் நினைவுக்கு வரும். அவை எதுவுமின்றியே உள்ளத்தை உறைய வைக்கும் படம் ஒன்றுண்டு. 1966-இல் ஜான் பிராங்கன்ஹைமர் இயக்கிய 'செகண்ட்ஸ்' என்னும் அமெரிக்கப் படமே அது. அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் அதற்குக் கிடைத்தது ஏளனம், தாய்நாட்டிலோ புறக்கணிப்பு. ராக் ஹட்சனைக் காதல் நகைச்சுவைப் படங்களில் கண்டு மகிழ்ந்தவர்கள், அவரை இத்தகைய இருளில் காண விரும்பவில்லை போலும். 2015-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இதனைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. எனினும் இதன் பெயரறிந்தோர் இன்றும் சிலரே.

ஆர்தர் ஹாமில்டன் நடுவயது வங்கி அதிகாரி. மனைவி, மணமான மகள், வசதியான வீடு எல்லாம் உண்டு, எதிலும் பற்றில்லை. இறந்துவிட்டதாக அவர் நம்பியிருந்த நண்பன் ஓரிரவு தொலைபேசியில் அழைக்கிறான். அவன் வழியாக ஓர் இரகசிய நிறுவனத்தின் வாயிலில் போய் நிற்கிறார். சுமார் 30,000 டாலர் கட்டணம். யாரோ ஒருவரின் பிணத்தை வைத்து அவர் இறந்ததாக உலகை நம்பவைத்து, அறுவை சிகிச்சையால் முகத்தையும் மாற்றிவிடுகிறார்கள். அதுவரை ஜான் ராண்டால்ஃப் நடித்த பாத்திரத்தை, கட்டுகள் அவிழ்ந்தபின் ராக் ஹட்சன் ஏற்கிறார். புதுப் பெயர், ஓவியர் தொழில், கலிபோர்னியாவில் கடலோர வீடு! (திராட்சை மிதிக்கும் விழாக் காட்சியொன்று சிறுவர் காணத்தக்கதன்று, பெற்றோர் அறிந்திருப்பது நலம்.)

புதுவாழ்வும் கசந்துவிடுகிறது. தம் கணவரை அறிந்த அந்நியர் என்று சொல்லிக்கொண்டு பழைய மனைவியைக் காணச் செல்கிறார். ஹோட்டல் அறையில் பிணமாகக் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே தம் கணவர் இறந்துபோயிருந்தார் என்று அம்மாது அமைதியாகச் சொல்கிறாள். அவள் குரலில் கோபமில்லை. 'நானே அவன்' என்று சொல்ல இயலாத முகத்தோடு அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரத்தமோ கூச்சலோ இல்லாத இக்காட்சியே படத்தின் கொடிய காட்சி என்பது நம் கருத்து. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டே ஒருவரையொருவர் இழந்துவிட்ட தம்பதியரைப் பங்குப் பணியில் கண்டிருக்கிறோம். அவர்களிடம் நாம் சொல்லத் தடுமாறியதை அக்கைம்பெண் சில வாக்கியங்களில் சொல்லிவிடுகிறாள்.

ஒளிப்பதிவாளர் ஜேம்ஸ் வோங் ஹோவின் கறுப்பு வெள்ளைப் படப்பிடிப்பு தனியே போற்றத்தக்கது. அகன்ற வில்லைகள் முகங்களை நெளித்துக் காட்டுகின்றன. பாத்திரத்தோடு பார்ப்பவருக்கும் நிலைதடுமாறுகிறது.

மூன்றாவது முகம் கேட்டு ஹாமில்டன் நிறுவனத்துக்கே திரும்புகிறார். புதிய வாடிக்கையாளர் ஒருவரின் பெயரைத் தருமாறு கேட்கிறார்கள், அவர் தரவில்லை. இனி அவர் உடல், வேறொருவரின் பொய்ச் சாவுக்கு உதவப்போகும் பிணம் மட்டுமே. வாய் அடைக்கப்பட்டு, படுக்கையோடு பிணிக்கப்பட்டு, அறுவை அறைக்குத் தள்ளிச் செல்லப்படுகிறார். நிறுவனம் அமர்த்திய சமய குரு ஒருவர் விவிலிய வாசகங்களை ஓதியவாறு உடன் நடக்கிறார். கட்டை அவிழ்க்க அவர் கை நீளவில்லை. குருத்துவப் பணியில் இருக்கும் நம்மைக் கத்தியேந்திய மருத்துவரினும் அதிகம் நடுங்கச் செய்தவர் அவரே.